கண்டம்

திரையில் கண்டம் முழுவதும் சதுரம் சதுரமாய்க் கிடக்கிறது.
இமயத்தின் அடியிலிருந்து எங்கள் தெற்கு முனை வரை
ஒரே வலை.
அதில் முல்லைத்தீவுக்குப் பன்னிரண்டு சதுரம்,
கடலில் பாதி நனைந்த நாலையும் சேர்த்து.

சித்திரையில் வங்காளத்துக்கு ஊதா பூசும் அது:
ஆலங்கட்டி.
எங்களுக்கு மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளும்.
காரணம் இருக்கிறது.
இங்கே ஐந்து கிலோமீற்றர் ஏறினால்தான் தண்ணீர் உறையும்;
அங்கே கட்டியாகிற எதுவும்
தரைக்கு வரமுன்னம் கரைந்துவிடும்.
பாடத்தில் அப்படித்தான் படித்தேன்.

வவுனியா நிலையம். பகல் கடமை எனக்கு.
பத்தரைக்கு மன்னார்ப் பக்கம் கடற்காற்று எழும்பிற்று,
சற்றுப் பிந்தி முல்லைத்தீவுப் பக்கமும்.
இரண்டும் நடந்து வந்து
மாங்குளத்துக்குக் கிழக்கே முட்டுப்படும் என்று கணக்கிட்டேன்.
முட்டுப்பட்ட காற்றுக்கு
மேலே போவதைவிட வேறு வழியில்லை.

‘இரண்டு மணிக்குப் பின் சில இடங்களில்
இடியுடன் கூடிய மழை.’
சில இடங்களில்.
இந்தச் சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

மூன்று பத்துக்கு
ஒலுமடுவுக்கு மேல் ஒரு முகில்
பதினாறு கிலோமீற்றர் வளர்ந்து, தலை தட்டையாகி நின்றது.
மூன்று இருபத்தைந்துக்குத் தொலைபேசியில் தயாளசீலன்,
பப்பாசித் தோட்டக்காரர், எங்களுக்காக மழைமானி பார்ப்பவர்:
‘தங்கச்சி, கல் விழுது.’
மிச்சத்தைத் தகரம் விழுங்கிவிட்டது.

மறுநாள் மோட்டார் சைக்கிளில் போனேன்.
பப்பாசி இலைகள் எல்லாம்
நரம்பு மட்டும் மிஞ்சித் தொங்கின.
காய்களில் பால் வடிந்து, அதில் எறும்பு.
ஒரு கல்லை எனக்கென்று
அன்ரனிப்பிள்ளையின் மீன்பெட்டியில் வைத்திருந்தார்கள்,
சொப்பிங் பையில் சுற்றி, பாரைக் குட்டிகளுக்கு நடுவே.

முப்பத்தொரு மில்லிமீற்றர்.
மீன் வெட்டும் கத்தியைச் சுடுநீரில் தோய்த்துப் பிளந்தேன்.
உள்ளே வெள்ளை, கண்ணாடி, வெள்ளை, கண்ணாடி.
வளையத்தை எண்ணினால்
எத்தனை தரம் மேலே போய் வந்தது என்று தெரியும் என்பார்கள்.
அது முழு உண்மையில்லை.
ஆனாலும் எண்ணினேன்.

‘முதல் சத்தத்துக்கே
நான் வாழைக்கிடங்குக்குள்ளே, குப்புற’ என்றார் தயாளசீலன்.
‘மனுசியும். பக்கத்து வளவுச் சனமும்.
ஒருத்தரும் ஒருத்தரைக் கூப்பிடேல்லை,
எல்லாருக்கும் இடம் தெரிஞ்சிருந்தது.
தலையைத் தூக்கிப் பார்த்தால்
முற்றத்தில் நிக்கிறாள் மகள்,
சட்டையை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு,
வாயிலே ஒண்டைப் போட்டு உமிஞ்சபடி.’

பதினொரு வயது அவளுக்கு.

பிறகு கேட்டார்:
‘உங்கட படத்திலே இது இருந்ததோ?’
அது கண்டம் முழுக்கப் பார்க்கிற படம் என்றேன்.
‘கண்டமெண்டால்
எங்கட சாதகத்திலே வேறையல்லோ’ என்று சிரித்தார்.
குறிப்பேட்டில், வந்த நாளிலிருந்து வெறுமையாய்க் கிடந்த நிரலில்
ஒரு எண்ணை எழுதினேன்.
கல்லின் மற்றப் பாதியை மகள் கேட்டாள்.
கொடுத்தேன். அளக்க ஒரு பாதி போதும்.

இன்று திரும்பவும் மஞ்சள்.
இந்தமுறை குறுஞ்செய்தியை நானே எழுதுகிறேன்,
பன்னிரண்டாயிரம் கைப்பேசிகளுக்கு.
‘வானத்திலிருந்து கற்கள் விழக்கூடும். உள்ளே இருங்கள்.’
வாசித்துப் பார்க்கிறேன்.
இந்த வாக்கியத்தை இந்த ஊருக்கு அனுப்ப முடியாது.
‘விழக்கூடும்’ போகிறது. ‘கற்கள்’ போகிறது. ‘வானம்’ போகிறது.

‘பின்னேரம் இடி மழை.
ஐஸ் கட்டியும் சேர்ந்து வரலாம், பத்து நிமிடத்தில் நின்றுவிடும்.
பிள்ளைகளை முற்றத்தில் விடவேண்டாம்.’

இரண்டு ஐந்து.
மாங்குளத்துக்கு மேல் இன்னும் வெறும் நீலம்.
மன்னார்க் காற்று மட்டும் புறப்பட்டுவிட்டது.